கேக்கில் வந்த கடல்

1

இந்த அலுவலகத்தில் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்காக எனக்குக் கேக் வெட்டினார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. நம் பக்கத்தில் வார்டு உறுப்பினரின் மச்சினனுக்குப் பிறந்தநாள் என்றாலே ஆளுயர பேனரும் கேக்கும் உண்டு. நார்வேக்காரர்கள் அப்படியில்லை. ஒருவரைப் பாராட்டவேண்டி வந்தால் அவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 'மோசமில்லை' என்று சொல்லிவிட்டால் பொன்னாடை போர்த்தியதாக எடுத்துக்கொள்ளவேண்டும். அதனால் கேக் என்றதும் எனக்கு முதலில் ஆட்குறைப்புதான் நினைவுக்கு வந்தது.

ஆட்குறைப்பு இல்லை. எங்கள் மேலதிகாரி ஹில்டே உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார். நாங்கள் வெளியிடும் கடல் வரைபடத்தையே சர்க்கரைத் தாளில் அச்சடித்து, கேக்கின்மேல் விரித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நடுவில் ஆப்பிரிக்கா, வலப்பக்கம் இந்தியா, சுற்றிலும் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கடல். தென்துருவம் இருக்கவேண்டிய இடத்தில் கிரீம். கிரீமின்மேல் ஸ்ட்ராபெரிப் பழங்கள். அதில் ஒன்று மட்டும் வரிசையிலிருந்து உருண்டு வந்து கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே உட்கார்ந்திருந்தது.

ஜூலை மாதக் கடைசி அது. ஜூலையில் வேலைக்கு வருவதை இங்கே ஒரு மனநலப் பிரச்சினையாகப் பார்ப்பார்கள். ஆகவே கட்டிடத்தில் இருந்ததே கொஞ்சம் பேர். கேக்கோ முழு உலகம்.

"உன் ஊர் எங்கே?" என்று கத்தியை ஓங்கியபடி ஹில்டே கேட்டார்.

"அந்தப் பழத்துக்கு வடக்கே."

"அப்படியானால் அது உன் துண்டு."

வெட்டுவதற்குமுன் ஒரு படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். 'நம்ம கடல்' என்று கீழே எழுதினேன். பிறகு முட்டத்திலிருந்து மாலத்தீவு வரைக்கும் என் தட்டுக்கு வந்துசேர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. அரபிக்கடலில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

2

'தம்பி கடல் ஆபீசுல இருக்கான்' என்று என் அக்கா லில்லி ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள். நான் ஏதோ கடலுக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பதாகப் பாதிப்பேர் நினைக்கிறார்கள். மிச்சப்பேர் நான் நார்வேயில் மீன் பிடிக்கிறேன், அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன் என்று நினைக்கிறார்கள். ஆகவே இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடலின் ஒவ்வோர் இடத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நீண்டகாலச் சராசரி உண்டு. முப்பது வருடத்து வெப்பநிலையைச் சேர்த்து எடுத்தது. இன்றைக்கு மேல்தண்ணீர் என்ன சூடு என்பதைச் செயற்கைக்கோள்களும் மிதவைகளும் சொல்லும். இன்றையதிலிருந்து சராசரியைக் கழிக்கவேண்டும். கூடுதலாக நின்றால் சிவப்பு, குறைவாக நின்றால் நீலம், ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெள்ளை. இந்தக் கழித்தல் கணக்கைச் செய்து அதற்கு வண்ணம் பூசுவதுதான் என் பிழைப்பு. நான்காம் வகுப்புப் பாடமும் எல்கேஜி பாடமும் சேர்ந்தது. இதற்காகத்தான் என்னை முனைவர் பட்டம் வரைக்கும் படிக்கவைத்தார்கள்.

சிவப்பு என்றால் கொதிக்கிறது என்று பொருளில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் இருக்கும் பெர்கன் நகரத்தில் வெயில் இருபத்தைந்து டிகிரி வந்துவிட்டால் ஊரே சட்டையைக் கழற்றிப் புல்லில் மல்லாந்து கிடக்கும். அதே இருபத்தைந்துக்கு நாகர்கோவிலில் காதை மூடி மப்ளர் கட்டுவார்கள். அளவு ஒன்றுதான், வழக்கம் வேறு. என் படம் காட்டுவது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும்தான்.

நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் அடித்தண்ணீர் மேலே ஏறிவரும். காலை வைத்தால் சில்லென்று இருக்கும். சாளையும் நெத்திலியும் அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் வருகின்றன. சித்திரையோடு ஒப்பிட்டால் ஆடிக் கடல் குளிர்ந்த கடல்தான். ஆனால் ஆடிக்கு உரிய குளிர்ச்சி வந்துசேராவிட்டால் என் படத்தில் அந்த இடம் சிவப்பாகிவிடும். கேக்கில் நம் கடல் சிவந்திருந்தது அதனால்தான்.

3

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை தோறும் வாஃபிள் சுடுவார்கள். நம்மூர் அச்சுமுறுக்குச் சற்றுக் கனமாக, நனைந்து வந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். பெரிய முடிவுகளெல்லாம் அந்த வாஃபிளைத் தின்றபடிதான் எடுக்கப்படும். இந்த வசந்தகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சராசரியை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. பழைய முப்பது வருடத்துக்குப் பதிலாக அண்மைக்கால முப்பது வருடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முறைப்படி அது சரிதான், எல்லா நாட்டிலும் அவ்வப்போது செய்வதுதான். மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குப் போட்டுக்காட்டச் சொன்னார்கள். போட்டேன். சராசரியே சூடாகிவிட்டதால் கழித்தால் மிச்சம் குறைந்தது. சிவந்திருந்த கடலெல்லாம் சந்தன நிறத்துக்கு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குளிரவில்லை.

"இது பார்க்க அமைதியாக இருக்கிறது" என்றார் ஒருவர், வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டே.

நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். எனக்கு நார்வேஜிய மொழியில் கிண்டல் வராது. இங்கே வந்த புதிதில் கிண்டலாகச் சொன்னதையெல்லாம் கூட்டக் குறிப்பில் என் கருத்தாகவே பதிந்துவைத்தார்கள். அதிலிருந்து நான் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

ஆனால் இந்தச் சராசரி விவகாரத்தில் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டுத் தமிழன் இவர்களைவிடக் கெட்டிக்காரன். அவனுடைய சராசரி அவன் விமானம் ஏறிய அன்றோடு உறைந்துவிட்டது. அதன்பிறகு ஊரில் நடப்பதெல்லாம் அவனுக்கு விலகல்தான். திற்பரப்பு அருவிக்குப் போவான். இப்படிக் கூட்டம் கூடிவிட்டதே என்று முகம் சுளிப்பான். குடும்பத்தோடு வாடகை வேனில் வந்திறங்கிய தானும் அந்தக் கூட்டம்தான் என்பது அவன் கணக்கில் வராது. போன முறை சிதறால் மலையில் ஏறும்போது, பாதையில் கல் பாவிவிட்டார்கள் என்று நான் அரைமணி நேரம் வருத்தப்பட்டேன். முட்டுவலி உள்ள என் மனைவி, பாவின மகராசன் நல்லாயிருக்கட்டும் என்றாள்.

என் மகள் ரீனாவுக்குச் சராசரியே வேறு. அவள் பிறந்தது பெர்கனில். மழையும் ரொட்டியும்தான் அவளுக்கு வழக்கம், நாங்கள் விலகல். வீட்டில் என் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க கடல் சிவப்பா இருக்கு" என்பாள். 'நம்ம கடல்' என்று சொல் என்று திருத்தியிருக்கிறேன். அவளும் பணிவாக, "சரி, உங்க நம்ம கடல்" என்றாள். அதற்குமேல் திருத்த எனக்குத் திராணியில்லை.

4

கேக் தின்ற அன்று சாயங்காலம் ஆன்றோ கூப்பிட்டான். லில்லியக்காவின் ஒரே மகன். குளச்சலிலிருந்து போகும் ஒரு விசைப்படகில் கூலி ஆளாகப் போகிறவன். எங்கள் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை. அன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. இரண்டு மாதமாகக் கரையில் கிடந்த படகெல்லாம் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். முதல் போக்கில் கிடைக்கும் மீனுக்குத்தான் மவுசு.

"மாமா, நீங்க என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய?"

"என்னலே?"

"நீங்க அனுப்பின படத்த வச்சு கோயில் மைக்குல புயல் அறிவிச்சிட்டாவ. நம்ம ஊருக்காரன் ஒருத்தனும் போட்டுல ஏறமாட்டேங்கான். மொதலாளி நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், இல்லெண்ணா வேற ஆளக் கூட்டிட்டுப் போவேங்காரு. இந்தச் சீசனே எனக்குப் போச்சு."

"நான் எந்தப் படம்லே அனுப்பினேன்?"

 குடும்பக் குழுவை அவன் திறந்தே பார்ப்பதில்லை; ஊர்க் குழுவில் வந்ததை எனக்கே திருப்பி அனுப்பினான். கேக்கின் ஓரம், கிரீம், தட்டு, ஹில்டேயின் கட்டைவிரல் எதுவும் அதில் இல்லை. எல்லாம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சியது இரத்தச் சிவப்பில் ஒரு கடல். கன்னியாகுமரிக்குத் தெற்கே பெரிதாக, இன்னும் சிவப்பாக, நுனியில் பளபளப்போடு ஒரு உருண்டை. அதைச் சுற்றி யாரோ மஞ்சளில் வட்டம்போட்டு 'புயலின் கண்' என்று எழுதியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'அவசரம். நம் ஊர் விஞ்ஞானி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது.'

"ஆன்றோ, அது கேக்குலே."

"என்னது?"

"கேக்கு. அந்தக் கண்ணு ஒரு ஸ்ட்ராபெரிப் பழம்."

அவன் படத்தை மறுபடி பார்த்திருக்கவேண்டும். பிறகு, "மாமா, இத வெளிய சொன்னா எனக்கு பொண்ணு கிட்டாது" என்றான்.

5

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பு. எனக்கும் பாதி சிரிப்புதான். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் எங்கள் கடலில் புயல் வந்தது. எந்தப் புயல் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எச்சரிக்கை கரைக்கு வந்துசேர்ந்தபோது, தூரக் கடலுக்குப் போனவர்கள் ஏற்கெனவே தூரக் கடலில் இருந்தார்கள். லில்லியக்காவின் கணவர், என் அத்தான், முந்தின நாள்தான் போயிருந்தார். அவருடைய படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. புயல் கடந்துபோன பிறகு படங்கள் வந்தன. தொலைக்காட்சியில், பத்திரிகையில், கைப்பேசியில், சிவப்பும் மஞ்சளுமாகச் சுழன்ற படங்கள். புயல் எங்கே பிறந்தது, எப்படித் திரும்பியது, எந்த நேரத்துக்கு எங்கே நின்றது என்று அவ்வளவு துல்லியமாக இருந்தது. படம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மோசமில்லை.

அன்றிலிருந்து எங்கள் கடப்புறத்தில் சிவப்புப் படம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் தொழிலில் சிவப்புக்கு என்ன பொருள் என்பதை வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்போம். அதை யாரும் படிப்பதில்லை. கேக்கில் அந்த இடத்தில் கிரீம் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு அக்காவை இங்கே அழைத்துவர விசாவுக்கு விண்ணப்பித்தேன். திருமணமானவரா, விதவையா, மணமுறிவு பெற்றவரா என்று ஒரு கேள்வி. காணாமற்போனவரின் மனைவி என்று ஒரு கட்டம் அதில் இல்லை. அக்காவிடம் கேட்டேன். "நீ எதையாவது போடு மக்கா, எனக்கே தெரியாது" என்றாள். எதையோ போட்டேன். திரும்பிவந்துவிட்டது. போதிய விளக்கம் இல்லையாம்.

6

மறுநாள் காலையில், கோயில் மைக்கைக் கையில் வைத்திருக்கும் எங்கள் தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் சேவியரைக் கூப்பிட்டேன். என்னோடு படித்தவர்தான். படம் கேக்கில் இருந்தது என்று சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"எம்மோ, அத மைக்குல சொல்லிராத. பக்கத்து ஊருக்காரன் நம்மள பாத்து காலத்துக்கும் சிரிப்பான். ஒரு பழத்தக் கண்டு பேடிச்சு கெடந்தவன்மாருன்னு பேரு வந்திரும். நீ விஞ்ஞானியாட்டு பேசு. நான் ஃபோன மைக்குப் பக்கத்துல பிடிக்கேன்."

அப்படியாக நான் பெர்கனில் என் சமையலறையிலிருந்து எங்கள் கடற்கரை முழுவதற்கும் உரையாற்றினேன். நான் பேசியது அங்கே குழாய் ஒலிபெருக்கியில் போய், அலையிலும் சுவரிலும் மோதி, சற்றுத் தாமதமாக என் காதுக்கே திரும்பி வந்தது. என் குரல் இவ்வளவு நம்பிக்கையில்லாமல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இது கடல் மேற்பரப்பு வெப்பநிலை நீண்டகாலச் சராசரியிலிருந்து விலகியதைக் காட்டும் வரைபடம்" என்று தொடங்கினேன்.

அது அங்கே ஒலித்து ஓய்ந்தது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது. "புயல் உண்டா இல்லியா, அத சொல்லு மக்கா."

"இந்தப் படத்த வச்சு அதச் சொல்ல முடியாது."

"பின்ன எதுக்குலே இந்தப் படம்?" இது ஒரு ஆண்குரல்.

நியாயமான கேள்வி. பத்து வருடத்தில் வாஃபிள் தின்ற யாரும் இதைக் கேட்டதில்லை. வானிலை அறிவிப்பில் இன்றைக்குக் காற்றுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை, அதைப் பார்த்துத்தான் போகவேண்டும், என் படத்தைப் பார்த்து அல்ல என்றேன். ஒரு பெருமூச்சு ஒலிபெருக்கி வழியாகவே எனக்குக் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி விடவில்லை.

"புயல் இல்ல. ஆனா இந்தச் செகப்பு நல்ல சேதியும் இல்ல. ஆடிக்கு வரவேண்டிய தணுப்பு கடல்ல வரல்ல. தணுப்பு வரல்லெண்ணா மீனுக்கு ஆகாது. வருசா வருசம் இது கூடிட்டே வருது. ஒருநாளுல போற காரியம் இல்ல, நாம எல்லாரும் இதப் பத்தி..."

"புயல் இல்ல" என்றார் சேவியர், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "எல்லாரும் கடலுக்குப் போலாம். அறிவிப்பு முடிஞ்சுது."

பொய்யான செய்திக்கு ஒருநாள் முழுக்கக் கரையில் கிடந்தவர்கள், உண்மையான செய்தி பாதி வருவதற்குள் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் அலுவலகத்தில் அதே செய்தியைக் கேட்டுவிட்டு நிறத்தை மாற்றலாமா என்று யோசித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆன்றோவின் படகு கிளம்பியது. முதலாளி அவனுடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. கட்டைவிரல் உயர்த்திய ஒரு பொம்மையை எனக்கு அனுப்பினான். அதோடு அலைபேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டான்.

7

அக்காவுக்கு ஒரு மன்னிப்பு பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். ரீனா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா மக்கா?"

"இனிதான்க்கா. ஆன்றோ பேசினானா?"

"எங்கயிருந்து பேச. ஒரு வாரம் ஆவும்னு சொல்லிட்டுப் போனான். நீ மைக்குல பேசினது கேட்டேன். நல்லா பேசின. ஒண்ணும் மனசிலாவல்ல."

"அக்கா, உன்னப் பேடிக்க வச்சிட்டேன். நான் சும்மா பெருமைக்கு அனுப்பினது. அது படமே இல்ல, கேக்கு. யாரோ ஓரத்த வெட்டி, வட்டம்போட்டு..."

"கேக்குன்னு எனக்குத் தெரியாதாலே?" என்றாள் அக்கா. "நான் எத்தன கிறிஸ்துமஸ் கண்டவ. கிரீம் தெரிஞ்சுது, தட்டு தெரிஞ்சுது, ஒரு வெள்ளக்காரிக்க வெரலும் தெரிஞ்சுது. எல்லாத்தயும் நான்தான் வெட்டினேன். அந்தப் பழத்த மட்டும் விட்டேன். பாக்க நல்ல பேடியா இருந்துது."

நான் குழாயை மூடினேன்.

"சேவியருட்ட குடுத்தது நான்தான். வட்டம்போட்டது அவனுக்க பிள்ளைக. ஆன்றோ அறிஞ்சா சண்டைக்கு வருவான். வரட்டும்."

"எதுக்குக்கா?"

"ஒரு நாளு மக்கா. ஒரே ஒரு நாளு அவன் கூடுதலா வீட்டுல கெடந்தான். நாலு தோச தின்னுட்டு ஒறங்கினான். நான் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்தேன்." அக்கா அழவில்லை. சந்தையில் மீன் விலை சொல்லும் குரலில்தான் சொன்னாள். "அன்னைக்கி உனக்க அத்தானும் ஒரு நாளு பிந்திப் போயிருந்தா இப்பம் இருந்திருப்பாரு. அன்னைக்கி எங்கயிருந்தும் ஒரு கேக்கு கூட வரல்லியே."

 எதிரே கணினியில் எங்கள் வரைபடம் திறந்திருந்தது. புதிய சராசரியின்படி நம் கடல் வெளிறிப்போய், யாரையும் ஒருநாளும் வீட்டில் நிறுத்திவைக்க முடியாத ஒரு நிறத்தில் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அலுவலகம் வெளியிடப்போவது அதைத்தான்.

"அடுத்த வருசம் தடை முடியும்போ இன்னொரு கேக்கு வெட்டுவினுமா?" என்று அக்கா கேட்டாள்.

"இனி பதினஞ்சாவது வருசத்துக்குத்தான்க்கா."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு, அடுப்பில் என்னவோ கரிகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரீனா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இவ்வளவு நேரப் பேச்சில் அவளுக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்.

"அப்பா, அத்தைக்குக் கேக் பிடிச்சுதா?"

"பிடிச்சுது" என்றேன்.